மலைக்கொரு வேர், சமவெளிக்கொரு வேர்

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, நார்த்தை ஆகியவை ஒரே குடும்பத்து மரங்கள். இவற்றை வளர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலை. ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்த மரங்களின் வளர்ச்சி நின்றுவிடும். 25 முதல் 30 டிகிரி வரை துளிர் செழித்து வரும். 38 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி மறுபடியும் தேங்கும்.

மதுரைச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குச் சற்று மேலே கிடக்கிறது. அங்கே மார்கழி இரவில்கூடப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே குளிரும். சித்திரைப் பகலில் 40 டிகிரி தொடும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறினால் பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று ஆயிரம் மீட்டரும் அதற்கு மேலுமாகக் கீழ்ப்பழனி மலைகள் வருகின்றன. அதற்கும் மேலே 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். கணக்கிட்டால் மதுரையைவிட ஏறத்தாழ 13 டிகிரி குறைவு. ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவுக்குள் மூன்று வேறு தட்பவெப்பங்கள் இருப்பதால், ஒரு பழ மரத்தை மூன்று விதமாக நடத்த வேண்டியிருக்கிறது.

குளிர் பழத்துக்குச் செய்வது

ஆரஞ்சுப் பழத்தின் நிறம் இரவுக் குளிரில் வருவது. இரவு வெப்பம் 13, 14 டிகிரிக்கு இறங்கும்போது தோலில் இருக்கும் பச்சையம் சிதைந்து, மஞ்சள் சிவப்பு நிறமிகள் மேலே தெரியும். சமவெளியில் அந்தக் குளிர் கிடைக்காது. அதனால் பழம் உள்ளே முழுவதும் பழுத்திருந்தாலும் தோல் பச்சையாகவோ வெளிர் மஞ்சளாகவோ நிற்கும். சாத்துக்குடி பச்சைத் தோலோடு கடைக்கு வருவதற்கும் கமலா ஆரஞ்சு மலையில் மட்டும் சிவப்பதற்கும் காரணம் இதுதான்.

சுவையிலும் வெப்பம் தலையிடுகிறது. வெப்பம் கூடினால் பழத்தின் புளிப்பு சீக்கிரம் குறைந்துவிடும். சர்க்கரை இருந்தும் எடுத்துக்கொடுக்கப் புளிப்பு இல்லாததால் சமவெளி ஆரஞ்சு சப்பென்று இருக்கும். எலுமிச்சையின் கதை வேறு. அதை யாரும் இனிப்புக்காக வளர்ப்பதில்லை. வெப்பத்தில் வருடம் முழுவதும் துளிர்த்துப் பூத்துக் காய்ப்பதே அதன் பலம். ஆகவே எலுமிச்சை சமவெளிக்கும் கமலா ஆரஞ்சு கீழ்மலைக்கும் உரியவை.

பூப்பதற்கு இந்த மரங்களுக்கு ஒரு ஓய்வு வேண்டும். மலையில் அந்த ஓய்வைக் குளிர் கொடுக்கிறது. சமவெளியில் குளிர் இல்லாததால் வறட்சி கொடுக்கிறது. தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சினால் இரண்டு மூன்று வாரங்களில் பூ வெடிக்கும். மழையை நம்பிய தோட்டத்தில் இதைக் கோடையும் முதல் மழையும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

உறவும் ஒட்டும்

இந்தக் குடும்பத்தில் தமிழ்நாட்டுச் சமையலறைக்குத் தெரிந்தவை பல. எலுமிச்சை, ஊறுகாய்க்கு நார்த்தையும் கடாரங்காயும், சாதத்துக்குக் கிச்சிலி, உரித்துத் தின்னக் கமலாவும் பம்ளிமாஸும், சாற்றுக்குச் சாத்துக்குடி. பங்காளி உறவு கொண்டவை இன்னும் இருக்கின்றன. வில்வம், விளா, கறிவேப்பிலை, வறண்ட காடுகளில் வளரும் குருந்து ஆகிய நான்கும் இதே குடும்பம். இந்த உறவு தோட்டக்காரருக்கு ஒரு விதத்தில் தொல்லை. எலுமிச்சை இலையைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுவும், துளிரில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான சில்லிட்டும் கறிவேப்பிலையிலும் பெருகும். கொல்லையில் கறிவேப்பிலை இருந்தால் அதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

ஒட்டுக்கட்டுவது நெருங்கிய உறவுக்குள் மட்டுமே நிலைக்கும். ஒரு செடியின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமான மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. இரண்டு செடிகளின் வளர்படலமும் தொட்டுக்கொண்டு இருந்தால் ஒன்றோடொன்று இணைந்துவிடும். இணைந்த பிறகும் மேலே இருப்பது தன் பழத்தையே காய்க்கும். கீழே இருப்பது தன் வேரையே வளர்க்கும். ஆகவே வேரைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். கிளையைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றின் வெப்பத்தையும் சந்தையையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு தேர்வையும் தனித்தனியாகச் செய்ய முடிவதே ஒட்டுவேலையின் முழுப் பயன்.

உறைபனி விழும் நாடுகளில் இதே பயன் வேறு வடிவில் வெளிப்பட்டது. 1894-95 குளிர்காலத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அடித்த கடுங்குளிர் அங்கிருந்த ஆரஞ்சுத் தோப்புகளை அழித்தது. அதன் பிறகு வால்டர் ஸ்விங்கிள் முதலிய ஆய்வாளர்கள், குளிரில் இலையுதிர்த்து உறங்கும் மூவிலை ஆரஞ்சை இனிப்பு ஆரஞ்சோடு கலந்தார்கள். குளிரைத் தாங்கும் இனிப்புப் பழம் கிடைக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. பழம் கசந்தது, ஆனால் கிடைத்த கலப்புகளில் காரிசோ, டிராயர் போன்றவை உலகின் முக்கியமான வேர்ச்செடிகளாயின. ஜப்பானின் விதையற்ற சத்சுமா ஆரஞ்சு மூவிலை ஆரஞ்சின் வேரில்தான் நிற்கிறது. அந்த வேர் மதுரைச் சுண்ணாம்பு மண்ணுக்கு ஒத்துவராது. இலை வெளுத்து நலிந்துவிடும். ஒரு நாட்டில் வென்ற வேரை அப்படியே இன்னொரு நாட்டுக்குத் தூக்கி வர முடியாது.

கொடை ஆரஞ்சு நலிந்த விதம்

கொடைக்கானல் 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கோடை வாசத்துக்காக அமைத்துக்கொண்ட ஊர். 1863-இல் ஏரியை உருவாக்கிய வெர் ஹென்றி லெவிஞ்சு மதுரை ஆட்சியராக இருந்தவர். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை இந்த மலைகள் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன. மலைப்பழம் என்றாலே மதுரைக்காரருக்குப் பழனி மலைப் பழம் என்று ஆனதில் வியப்பில்லை.

கீழ்ப்பழனி மலைகளில் காப்பித் தோட்டங்களின் ஊடே கமலா ஆரஞ்சு வளர்ந்தது. குடகு ஆரஞ்சுக்கு நெருங்கிய அந்த வகைக்குக் கொடை ஆரஞ்சு என்றே பெயர். பெரும்பாலான மரங்கள் விதையிலிருந்து வந்தவை. நெடிதாக, முள்ளோடு வளர்ந்து, காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். காய்க்கத் தொடங்கிவிட்டால் நீண்ட காலம் பலன் தரும் என்பதால் அந்தக் காத்திருப்பு யாருக்கும் பாரமாக இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு தோட்டம் தோட்டமாக இந்த மரங்கள் நலிந்தன. கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்தன, இலை சிறுத்தது, காய் உதிர்ந்தது. ஒரே ஒரு காரணம் என்று சொல்ல முடியாதபடி பல சேர்ந்துகொண்டன. கவனிப்பின்மை, துத்தநாகக் குறை, வேரழுகல் ஆகியவற்றோடு இரண்டு நோய்கள் முக்கியமானவை. ஒன்று டிரிஸ்டெசா என்னும் வைரஸ். கருநிற அசுவினி பரப்புவது. மற்றது பச்சையாதல் நோய். 1966-இல் ஆஸ்திரேலிய நோயியலாளர் லிலியன் ஃபிரேசரும் இந்திய அறிவியலாளர்களும் சேர்ந்து, இந்தியாவில் ஆரஞ்சு மரங்கள் கருகுவதற்கு இந்த நோயே காரணமாக இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். அப்போது வைரஸ் என்று கருதப்பட்டது பிற்பாடு பாக்டீரியா என்று தெளிவானது. மரத்தின் உணவுக் குழாய்களுக்குள் வாழும் அந்தக் கிருமியைச் சில்லிட்டுப் பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது. நோயுற்ற மரத்திலிருந்து எடுத்த மொட்டும் அதே வேலையைச் செய்கிறது. இதற்கு மருந்து இல்லை.

ஆகவே ஒட்டுவேலையில் கைத்திறனைவிட மேலானது தாய்மரத்தின் நலம். நோய் தொற்றிய மரம் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வெளியே ஒன்றும் காட்டாமல் நிற்கும். அதிலிருந்து நூறு மொட்டு எடுத்தால் நோய்தான் நூறு கன்றாகப் பெருகும். அடையாளம் காண இலைதான் வழி. துத்தநாகம் குறைந்தால் நடுநரம்பின் இருபுறமும் ஒரே மாதிரி மஞ்சள் படரும். நரம்புகள் பச்சையாகத் தெரியும். பச்சையாதல் நோயில் மஞ்சள் திட்டுகள் நரம்புகளைத் தாண்டி ஒழுங்கில்லாமல் பரவும். இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்துப்போகாது. இலையை நடுநரம்பில் மடித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு பிடிபடும். பழத்தை நறுக்கினால் நடுக்காம்பு கோணலாக இருக்கும். விதைகள் பொக்காகி நிறம் கருத்திருக்கும். காம்பின் எதிர்ப்பக்கம் பச்சை மாறாமல் நிற்கும்.

நோயற்ற தாய்மரம் கிடைக்காத இடத்தில் நுனிக்குருத்து ஒட்டு கைகொடுக்கிறது. குருத்தின் நுனியில் ஒரு மில்லிமீட்டரிலும் சிறிய பகுதிக்குள் கிருமி பெரும்பாலும் ஏறியிருக்காது. அதை நுண்ணோக்கியின் கீழ் வெட்டியெடுத்து, கண்ணாடிக் குழாயில் வளர்த்த நாற்றின் மேல் வைத்து ஒட்டினால் நோய் நீங்கிய செடி கிடைக்கும். இது ஆய்வகத்தில் மட்டும் ஆகும் வேலை. 1985-இல் நாக்பூரில் தொடங்கப்பட்ட தேசிய ஆராய்ச்சி மையம், இன்றைய மத்திய எலுமிச்சை வகை ஆராய்ச்சி நிறுவனம், இப்படித் தூய்மைப்படுத்திய தாய்ச்செடிகளை வளர்க்கிறது.

வேர்ச்செடி

வேர்ச்செடிக்கு விதை போடுவதில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. வேர்ச்செடியாகப் பயன்படும் ரங்கபுரம் எலுமிச்சை அல்லது ஜம்பேரியின் ஒரு விதையைத் தோலுரித்துப் பிரித்தால் உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். விதைத்தால் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் கிளம்பும். அவற்றில் ஒன்று மகரந்தம் சேர்ந்து பிறந்தது. மற்றவை தாயின் திசுவிலிருந்தே உண்டானவை, குணத்தில் தாயின் அச்சு. அதனால் விதையிலிருந்து வந்தாலும் நாற்றாங்கால் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். எலுமிச்சையை விதைபோட்டே தோட்டம் வைக்க முடிவதும் இதனால்தான். நார்த்தையிலும் பம்ளிமாஸிலும் விதைக்கு ஒரே கரு. அவற்றின் விதைக்கன்று எப்படிக் காய்க்கும் என்று சொல்ல முடியாது. பதியமோ ஒட்டோதான் வழி.

விதையைப் பழத்திலிருந்து எடுத்துக் கழுவி, நிழலில் ஈரம் வடியவிட்டு, உடனே விதைக்க வேண்டும். காயவிட்டால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும். பிடுங்கி நடும்போது மிகக் குட்டையானதையும், அளவுக்கு மீறி நெடிதானதையும், வேர் கொக்கி போல வளைந்ததையும் தள்ளிவிட வேண்டும். தாயச்சு தப்பிய நாற்றுகள் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரியும். இந்தக் கழிவை மிச்சம் என்று நினைத்து வைத்துக்கொண்டால் பத்து ஆண்டு கழித்துத் தோட்டத்தில் ஏற்றத்தாழ்வாகக் காய்க்கும் மரங்களாக நிற்கும்.

எந்த வேர் எங்கே என்பதற்கு ஒரு பொது வரிசை உண்டு. ஜம்பேரி வேர் வேகமாக ஓடும், வறட்சி தாங்கும், டிரிஸ்டெசாவையும் தாங்கும். ஆனால் நீர் தேங்கும் மண்ணில் அடித்தண்டு அழுகும். அதன் வேகத்தால் பழத்தில் சாற்றின் சுவை சற்று நீர்த்துப்போகும். ரங்கபுரம் எலுமிச்சை வேர் உப்பையும் சுண்ணாம்பையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கும் உவர் கலந்த கிணற்று நீருக்கும் அது ஏற்றது. கமலா ஆரஞ்சுக்கும் சாத்துக்குடிக்கும் தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படுவதும் அதுவே. கிச்சிலியின் வேர் அழுகலைத் தாங்குவதில் சிறந்தது. ஆனால் டிரிஸ்டெசா இருக்கும் இடத்தில் கிச்சிலி வேரின் மேல் கட்டிய ஆரஞ்சு செத்துப்போகும். தென்னமெரிக்காவில் 1930-களிலிருந்து இலட்சக்கணக்கான மரங்கள் போனது இந்தச் சேர்க்கையால்தான்.

மொட்டுக்கட்டு

வேர்ச்செடியின் தண்டு பென்சில் பருமனுக்கு வந்தால் மொட்டுக்கட்டலாம். செடியில் சாறு ஓடும் பருவமாக, பட்டை கட்டையிலிருந்து சுலபமாக உரியும் பருவமாக இருக்க வேண்டும். கீறிப் பார்த்தால் பட்டை பிசிறில்லாமல் எழும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டு கிழிந்தால் இரண்டு நாள் தண்ணீர் விட்டுக் காத்திருப்பது நல்லது.

மொட்டுக் குச்சி, போன துளிரில் வந்து முற்றிய கிளையாக இருக்க வேண்டும். இளங்குச்சி மூன்று பட்டையாக இருக்கும், முற்றினால் உருண்டுவிடும். உருண்ட குச்சிதான் ஏற்றது. நேராக மேலெழும் முள் நிறைந்த போத்துகளில் எடுத்தால் மரமும் முள்ளாகவே வரும், காய்க்கவும் தாமதமாகும். குச்சியை வெட்டியவுடன் இலைகளை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அந்தக் காம்பு பிடித்துக்கொள்ள உதவும். பிறகு வேறொரு வேலையும் செய்யும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் குச்சி சில நாள் தாங்கும்.

தரையிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்தில், வழவழப்பான இடமாகப் பார்த்து, தண்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு நேர்க்கீறல் போடப்படுகிறது. அதன் உச்சியில் குறுக்குக் கீறல். மழை மிகுந்த மலைப்பகுதியில் குறுக்குக் கீறலை அடியில் போட்டு மொட்டைக் கீழிருந்து மேலே செருகுவார்கள். அப்போது தண்டில் வழியும் நீர் ஒட்டுக்குள் இறங்காது. கத்தியின் எலும்பு முனையால் பட்டையின் இரு உதடுகளையும் மெல்ல நெம்பித் திறக்க வேண்டும். குச்சியில் மொட்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கத்தியை வைத்து, ஒரே இழுப்பில், கேடய வடிவில் மொட்டைச் சீவி எடுக்க வேண்டும். இரண்டாம் தடவை இழுத்தால் அடிப்பக்கம் அலையலையாகி ஒட்டாது. சீவிய உட்பக்கத்தை விரலால் தொடக்கூடாது. காம்பைப் பிடித்தபடியே கீறலுக்குள் செருகி, மொட்டு மட்டும் வெளியே தெரிய, பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்ட வேண்டும். சுற்று மேலேறும்போது ஒன்றின் மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல அமைந்தால் நீர் உள்ளே புகாது.

மூன்றாவது வாரத்தில் அந்த இலைக்காம்பு பதில் சொல்லும். விரல் பட்டதும் உதிர்ந்தால் மொட்டு உயிரோடு இருக்கிறது. சுருங்கிக் காய்ந்து ஒட்டிக்கொண்டே இருந்தால் மொட்டு போய்விட்டது. தண்டின் மறுபக்கத்தில் இன்னொன்று கட்டலாம். பிடித்த மொட்டுக்கு மேலே தண்டைப் பாதி அறுத்து ஒருபுறமாக வளைத்துவிட்டால், மேலே உள்ள இலைகள் வேருக்கு உணவு அனுப்பிக்கொண்டே இருக்க, மொட்டு விழித்துக்கொள்ளும். புதுத் துளிர் ஒரு சாண் வளர்ந்த பிறகு மேல்தண்டை முழுவதும் நீக்கலாம். வேர்ச்செடியின் தண்டிலிருந்து கிளம்பும் போத்துகளைக் கையால் ஒடித்துக்கொண்டே வர வேண்டும். விட்டுவிட்டால் வேர்ச்செடி தன் கிளையை வளர்த்து, மேலே கட்டியதைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். மூன்றிலைகள் சேர்ந்தாற்போல் இருந்தால் மூவிலை வேர் என்று பார்த்தவுடன் தெரியும். ஜம்பேரியும் ரங்கபுரமும் அப்படி எளிதில் காட்டிக்கொடுக்காது. துளிர் கிளம்பும் இடம் ஒட்டுக்கு மேலா கீழா என்றுதான் பார்க்க வேண்டும்.

குளிர்மலையின் மற்றப் பழங்கள்

ஒட்டுவேலையின் விதி எல்லாப் பழங்களுக்கும் ஒன்றே; வெட்டும் முறை மட்டும் மாறும். பட்டர் புரூட் என்று மலையில் வழங்கும் வெண்ணெய்ப்பழம் காப்பித் தோட்டத்து நிழல்மரமாகக் கீழ்ப்பழனியில் பரவியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை நிலையம் அங்கிருந்தே டிகேடி 1 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தது. இதன் கொட்டை சீக்கிரம் உயிரிழக்கும்; எடுத்தவுடன் பையில் ஊன்ற வேண்டும். நாற்றின் தலையை வெட்டிப் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய குச்சியைச் செருகும் ஆப்பு ஒட்டு இதற்கு ஏற்றது. இதன் பூ முதல் நாள் பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் ஆணாக விரியும். காலையில் பெண்ணாக விரியும் வகையும் மதியத்தில் பெண்ணாக விரியும் வகையும் பக்கத்தில் இருந்தால் காய்ப்பு கூடும். மழைநீர் தேங்கினால் வேரழுகல் வரும் என்பதால் சரிவான நிலம் இதற்கு நல்லது.

தாட்பூட் பழம் என்னும் பேஷன் பழத்தில் ஊதா வகை குளிருக்கும் மஞ்சள் வகை வெப்பத்துக்கும் உரியவை. ஊதாவுக்கு மணமும் இனிப்பும் அதிகம்; வாடல் நோயும் நூற்புழுவும் அதன் வேரைத் தாக்கும். மஞ்சள் வகையின் வேரில் ஊதாவைக் கட்டினால் இரண்டும் சமாளிக்கப்படும். இரண்டையும் கலந்து குடகின் செட்டள்ளி ஆய்வு நிலையம் உருவாக்கிய காவேரி என்ற வகையும் உண்டு. மரத்தக்காளிக்கு ஒட்டு அவசியமில்லை. விதையில் வந்தால் ஒற்றைத் தண்டாக உயர்ந்து மேலே குடை விரிக்கும். குச்சியில் வந்தால் அடியிலேயே கிளைத்துப் புதராக நிற்கும். காற்றடிக்கும் மேட்டில் புதரே பாதுகாப்பு.

கொடைக்கானலின் பேரி, பிளம்ஸ், பீச், ஆப்பிள் ஆகியவற்றுக்கு வெறும் குளிர்ச்சி போதாது. குளிர் மணிக்கணக்கு வேண்டும். ஏழு டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று நிறைந்தால்தான் மொட்டு உறக்கம் கலையும். காஷ்மீர் வகைகளுக்கு ஆயிரம் மணி நேரத்தை ஒட்டித் தேவைப்படும். பழனி மலையில் அது கிடைக்காது. அதனால் அங்கே பார்லின்ஸ் பியூட்டி, ஐரிஷ் பீச் போன்ற குறைந்த குளிரில் பூக்கும் ஆப்பிள் வகைகள் பரிந்துரைக்கப்பட்டன. பேரி இந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டதால் மலையின் நிலையான பழமானது. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் பிளம்ஸ் கோடையிலும் பேரி ஆடியை ஒட்டியும் மதுரைக் கடைகளுக்கு இறங்கிவிடும். இமாச்சலப் பிரதேச விவசாயி ஹரிமன் சர்மா தேர்ந்தெடுத்த எச்ஆர்எம்என் 99 ஆப்பிள், வெப்பமான சமவெளியிலும் பூக்கும் வகை. அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சமவெளியில் அது காய்க்கலாம். நிறமும் மொறுமொறுப்பும் குளிரில் விளைந்ததைப் போல இருக்காது. ஆரஞ்சின் தோலுக்குப் பொருந்தும் அதே விதி இங்கும் பொருந்துகிறது.

சமவெளித் தோட்டம்

மதுரைச் சமவெளியில் எலுமிச்சைதான் நிச்சயமான பயிர். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 எலுமிச்சை, கடையம் பகுதி மரங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐந்து முதல் ஆறு மீட்டர் இடைவெளியில், முக்கால் மீட்டர் கனசதுரக் குழியில் நடுவது வழக்கம். ஆறாம் ஆண்டு முதல் மரத்துக்கு 30 கிலோ தொழுவுரமும், 600 கிராம் தழை, 200 கிராம் மணி, 300 கிராம் சாம்பல் சத்தும் பரிந்துரை. அடியில் பாறையோ சுக்காம்பாறையோ ஒரு மீட்டருக்குள் இருந்தால் ஐந்தாம் ஆண்டுக்குப் பின் மரம் தளர்ந்துவிடும். குழி தோண்டும்போதே இது தெரிந்துவிடும். கரிசலில் இளந்துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. மண்ணில் போடும் இரும்பு அங்கே பிணைந்துபோகும். இலையில் தெளிப்பதே பலிக்கும். துத்தநாகக் குறைக்கு மார்ச், ஜூலை, அக்டோபர் மாதத் துளிர்களில் அரை சதவீத துத்தநாக சல்பேட் தெளிக்கிறார்கள்.

எலுமிச்சைக்கு விலை கோடையில். பங்குனி, சித்திரைச் சர்பத் கடைகளும் திருவிழாக்களும் ஒன்றுசேரும்போது தேவை உச்சத்தில் இருக்கும், காய்ப்போ குறைவாக இருக்கும். பூத்த பின் காய் அறுவடைக்கு வர ஐந்து, ஆறு மாதம் ஆகும். கோடையில் காய் வேண்டுமானால் புரட்டாசி, ஐப்பசியில் பூக்க வைக்க வேண்டும். அதற்கு ஆவணி, புரட்டாசியில் தண்ணீரை நிறுத்தி வாட்டம் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முந்திக்கொண்டால் வாட்டம் கலைந்து, பூவுக்குப் பதில் இலை தள்ளும். செம்மண்ணில் பத்து, பதினைந்து நாளில் வாடும் மரம், ஈரம் பிடித்த கரிசலில் மாதம் கடந்தும் வாடாது. அதனால் கோடைக்காய் என்பது பெரும்பாலும் செம்மண் தோட்டக்காரரின் லாபம்.

சமவெளியின் முதல் நோய் சொறி. இலையிலும் காயிலும் நடுவில் குழிந்த பழுப்புப் புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம். காயின் சாறு கெடாது, விலை கெடும். மழைச்சாரலிலும், இலைக்குள் சுரங்கம் போடும் புழு உண்டாக்கிய காயத்தின் வழியாகவும் பரவும். மழைக்கு முன்பு நோயுள்ள மிலாறுகளைக் கவாத்து செய்து எரித்து, தாமிர மருந்து தெளிப்பது அடிப்படை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் ஒரு சதவீத போர்டோ கலவை. அதே அளவைப் பத்து லிட்டரில் குழைத்தால் அடித்தண்டில் பூசும் பசை. அடித்தண்டில் பிசின் வடிந்தால் அழுகிய பட்டையைச் செதுக்கிவிட்டு அந்தப் பசையைத் தடவ வேண்டும். ஒட்டு இணைந்த இடத்தை மண்ணுக்கு மேலே உயர்த்தி வைப்பதும், பாத்தி நீர் தண்டைத் தொடாமல் வளையம் கட்டுவதும் இந்த நோயைத் தள்ளிவைக்கும்.

இலையில் குருவி எச்சம் போலத் தெரியும் சிறு புழு, வளர்ந்து பச்சையாகும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. கையால் பொறுக்கினாலே போதும். மலைத்தோட்டத்தில் பழம் சிவக்கும்போது இரவில் வரும் பெரிய அந்துப்பூச்சி தோலைத் துளைத்துச் சாறு குடிக்கும். துளைத்த பழம் இரண்டு நாளில் விழும். அதன் புழு ஆரஞ்சில் வளர்வதில்லை, வேலியில் படரும் சீந்தில் கொடியில் வளர்கிறது. வேலியைச் சுத்தப்படுத்தாமல் மரத்துக்கு மட்டும் மருந்தடிப்பவர் ஆண்டுதோறும் பழத்தை இழப்பார்.

கன்று வாங்கும்போது

ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். விதைக்கன்று அதற்கு இரட்டிப்பு நேரம் எடுக்கும். கன்றுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை இந்த இடைவெளிக்குத்தான். அதனால் வாங்குபவர் சில விஷயங்களைப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். இணைந்த இடம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தெரிகிறதா. அதற்குக் கீழே போத்து ஏதும் இல்லையா. மேல்தண்டு வேர்த்தண்டைவிடத் துருத்தி வீங்காமல் நேராக இருக்கிறதா. இலைகளில் சமச்சீரற்ற மஞ்சள் திட்டு இல்லையா. பையின் அடியில் வேர் சுருண்டு கிடக்கவில்லையா என்று பார்க்கலாம். வேர்ச்செடி எது, மொட்டு எந்தத் தாய்மரத்திலிருந்து வந்தது என்று கேட்கலாம். விற்பவர் இரண்டுக்கும் பதில் சொன்னால் அந்தக் கன்றை நம்பி எடுக்கலாம். சொல்லத் தெரியாவிட்டால், எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்த பண்ணைக்குப் போவதே நல்லது.